வான்கோழி ரோஸ்ட்டுக்கு வீட்டிலேயே கிரேவி: ஸ்டாக்கிலிருந்து ஊற்றும் பதம் வரை

வான்கோழி ஓவனிலிருந்து வெளியே வந்தபின் கிரேவிக்கு மிஞ்சுவது முப்பது, நாற்பது நிமிடம்தான். அடுப்பு முழுக்கப் பாத்திரங்கள், மேசையில் பசியோடு ஆட்கள். தட்டில் சாறு எவ்வளவு வடிந்திருக்கிறது, அதில் உப்பு எவ்வளவு என்பதே அப்போதுதான் தெரியவரும். அந்த நேரத்தில் மாவைத் தேடி, வடிகட்டியைத் தேடி ஆரம்பித்தால் கட்டி தட்டுவது, உப்புக் கரிப்பது, தண்ணீராக ஓடுவது ஆகிய மூன்றில் ஒன்றாவது நடக்கும்.

இந்த முறையில் முக்கால்வாசி வேலை முதல் நாளே முடிந்துவிடும். ரோஸ்ட் வந்ததும் வடிந்த சாறைச் சேர்த்து, உப்புப் பார்த்து, வடிகட்டினால் போதும்.

ஒரு விளக்கம்: இங்கே கிரேவி என்பது மசாலா அரைத்த குழம்பு இல்லை. வறுபட்ட இறைச்சியின் சாறைக் கொழுப்பில் வறுத்த மாவால் கெட்டியாக்கி, துண்டு போட்ட இறைச்சியின் மேல் ஊற்றிக்கொள்வது. சுவைக்கு மசாலா கைகொடுக்காது என்பதால் ஸ்டாக்கில் (எலும்பையும் இறைச்சியையும் நீண்ட நேரம் வேகவைத்து வடித்த சாறில்) விட்ட குறையைப் பின்னால் எதைப் போட்டும் மறைக்க முடியாது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கீழே உள்ள அளவு 5 முதல் 6 கிலோ எடையுள்ள வான்கோழிக்கு. ஒருவருக்கு 100 மில்லி என்று வைத்தால் 12 பேருக்குத் தாராளமாக வரும்.

- வான்கோழி இறக்கை 1.5 கிலோ (கிடைக்காவிட்டால் கோழி இறக்கை)
- ரோஸ்ட் செய்யப்போகும் வான்கோழியின் கழுத்து, இதயம், இரைப்பை
- பெரிய வெங்காயம் 2, கேரட் 1, செலரித் தண்டு 2
- பே இலை 1, முழு மிளகு 10, தைம் 4 குச்சி
- மைதா 75 கிராம்
- கொழுப்பு 75 கிராம் (ஸ்டாக்கிலிருந்து எடுத்தது, போதாவிட்டால் உப்பில்லாத வெண்ணெய்)
- சோயா சாஸ், வினிகர், மிளகுத்தூள், உப்பு

ஸ்டாக்குக்குப் பெரிய பாத்திரம், கிரேவிக்கு அடி கனமான 3 லிட்டர் பாத்திரம், விஸ்க் (கம்பி மத்து), முனை தட்டையான மரக்கரண்டி, நைஸ் கம்பி வடிகட்டி, உயரமான கண்ணாடி ஜக், சமையல் தராசு ஆகியவை வேண்டும். அடி மெல்லிய பாத்திரத்தில் மாவு ஒரு பக்கம் காந்தும், மறுபக்கம் பச்சையாகவே நிற்கும்.

தராசு எதற்கு என்றால், தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி மைதா 8 கிராம். குவித்து அள்ளினால் அதே கரண்டியில் 12 கிராம் கூட வரும். ஒன்பது கரண்டி போடும் இடத்தில் இந்த வித்தியாசமே கிரேவியைக் களியாக்கப் போதும்.

மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: 1 லிட்டர் திரவத்துக்கு 60 கிராம் மைதா, 60 கிராம் கொழுப்பு. நாம் முதல் நாள் 1 லிட்டர் ஸ்டாக்குக்கு 75 கிராம் போடுவோம். மறுநாள் 250 மில்லி அளவுக்கு வடிசாறு சேர்ந்ததும் கணக்கு தானாகச் சரியாகிவிடும். அதனால் முதல் நாள் கிரேவி சற்றுக் கெட்டியாக இருப்பதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் விட்டுவிடக் கூடாது.

2. முதல் நாள்: இறக்கையை வறுத்து ஸ்டாக் வைப்பது

இறக்கையே ஏன்? தோல், குருத்தெலும்பு, மூட்டு எல்லாம் அதில்தான் அதிகம். அவை கரைந்தால் ஸ்டாக் குளிர்ந்ததும் ஜெல்லி போலத் தளதளவென்று நிற்கும். நாக்கில் ஒட்டும் அந்தக் கனம் மாவால் வராது. நெஞ்சுக்கறி எலும்பை மட்டும் போட்டு வைத்த ஸ்டாக் வாசனையாக இருந்தாலும் தண்ணீர் போலத்தான் ஓடும்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். இறக்கையை மூட்டில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, 50 முதல் 60 நிமிடம் வறுங்கள். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். நெருக்கி அடுக்கினால் இறக்கை தன் சாற்றிலேயே அவியுமே தவிரச் சிவக்காது. கிரேவியின் நிறமும் ஆழமான சுவையும் இந்தச் சிவப்பிலிருந்துதான் வருகின்றன. வெளிர் மஞ்சளாக எடுத்தால் கடைசியில் கிரேவியும் வெளிறித்தான் இருக்கும்.

நன்றாகச் சிவந்ததும் இறக்கையைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தட்டில் இருக்கும் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள், பிறகு மாவு வறுக்க அது வேண்டும். தட்டு சூடாக இருக்கும்போதே ஒரு கப் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி அதையும் பாத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.

கழுத்து, இதயம், இரைப்பை எல்லாம் பெரும்பாலும் ஒரு சிறு பையில் கட்டி வான்கோழியின் வயிற்றுக்குள்ளோ கழுத்துப் பக்கக் குழிக்குள்ளோ வைக்கப்பட்டிருக்கும். இரண்டு இடத்திலும் கைவிட்டுப் பாருங்கள். உறைந்த வான்கோழி என்றால் உருகினால்தான் பை வெளியே வரும். ஃபிரிட்ஜில் உருக 2 முதல் 2.5 கிலோவுக்கு ஒரு நாள் வீதம் ஆகும். பை கைக்கு வராவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இறக்கையே போதும்.

ஈரலை மட்டும் ஸ்டாக்கில் போடாதீர்கள். நீண்ட நேரம் கொதித்தால் கசப்பும் ஒரு மண் வாடையும் இறங்கி ஸ்டாக்கையும் கலங்கடிக்கும். ஈரல் பிடித்தவர்கள் தனியாக வெண்ணெயில் வதக்கி, பொடியாக நறுக்கிக் கடைசியில் கலந்துகொள்ளலாம்.

இப்போது வெங்காயத்தைத் தோலோடு நான்காக வெட்டிப் போடுங்கள். அந்தத் தோலும் நிறம் கொடுக்கும். கேரட், செலரி, பே இலை, மிளகு, தைம் சேர்த்து 2.25 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஸ்டாக் சுண்டச் சுண்ட உப்பு ஏறும், நாளை வடிசாறு வேறு தன் உப்போடு வரும்.

கொதி வரும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடாமல் 3 மணி நேரம் விடுங்கள். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்தால் அதுதான் சரியான சூடு. தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து ஸ்டாக்கோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க வராது. கிரேவியில் ஒருவித எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பலநேரம் காரணம் இதுதான்.

பிரஷர் குக்கரிலும் வைக்கலாம். ஆவியாவது குறைவு என்பதால் தண்ணீர் 1.5 லிட்டர் போதும், ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். ஆவி தானாக அடங்கும்வரை காத்திருந்து திறங்கள்.

3. வடிகட்டி, குளிரவைத்து, கொழுப்பைப் பிரிப்பது

ஸ்டாக்கை வடிகட்டுங்கள், சக்கையை அழுத்திப் பிழிய வேண்டாம். 1.25 லிட்டருக்கு மேல் இருந்தால் திரும்ப அடுப்பேற்றிச் சுண்டவையுங்கள். ஒரு லிட்டர் கிரேவிக்கு, கால் லிட்டர் நாளை கைவசம் வைத்துக்கொள்ள. அந்தக் கால் லிட்டரை மறந்துவிடாதீர்கள், கிரேவி கெட்டியாகிப் போனால் காப்பாற்றுவது அதுதான்.

பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கிளறிவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் கொழுப்பு மேலே ஏடுபோல உறைந்து நிற்கும், கரண்டியால் பெயர்த்து எடுங்கள். வறுத்த தட்டிலிருந்து வடித்த கொழுப்போடு இதைச் சேர்த்தால் 75 கிராம் பெரும்பாலும் தேறிவிடும். உருக்கி அளந்தால் 80 மில்லி. எண்ணெய் ஊற்றியும் செய்யலாம், ஆனால் வான்கோழி வாசனை அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது.

4. மாவை வறுப்பது

பாத்திரத்தில் கொழுப்பை மிதமான தீயில் உருக்கி, மைதாவைத் தூவி, விஸ்க்கால் விடாமல் கிளறுங்கள். முதலில் பசைபோல இறுகும். ஒரு நிமிடத்தில் சின்னச் சின்னக் குமிழியாக நுரைக்கும். அதன்பின் மெல்ல இளகி, ஈர மணல்போல விஸ்க்கிலிருந்து சரியும். பச்சை மாவு வாடை போய் பிஸ்கட் சுடும் வாசனை வரும். இதற்கு 4 முதல் 5 நிமிடம் ஆகும். நிறம் வேர்க்கடலையின் உள்தோலை எட்டாமல், வறுத்த பருப்பின் வெளிர் பழுப்பில் இருக்கும்போது நிறுத்துங்கள்.

இன்னும் சிவக்க விட்டால் நிறமும் வாசனையும் கூடும். ஆனால் வறுபட வறுபட மாவின் கெட்டியாக்கும் சக்தி குறையும். அடர் பழுப்புக்குப் போகிறவர்கள் மாவைக் கூட்டித்தான் போட வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கரும்புள்ளி ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். நஷ்டம் கொஞ்சம் மாவு, கொஞ்சம் கொழுப்பு. அந்தக் காந்தல் ஒரு லிட்டர் ஸ்டாக்கையும் கெடுத்துவிடும்.

5. ஸ்டாக்கை ஊற்றுவது: கட்டி தட்டும் இடம்

கட்டி ஏன் தட்டுகிறது என்று தெரிந்தால் இந்தப் படி எளிது. உலர்ந்த மாவு கொதிக்கும் நீரில் விழுந்தால் வெளிப்பக்கம் உடனே வெந்து ஒரு உறை போட்டுக்கொள்ளும், உள்ளே தண்ணீர் நுழையாது. அப்படி ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பாருங்கள், நடுவில் காய்ந்த வெள்ளை மாவு அப்படியே இருக்கும். கொழுப்பில் வறுக்கும்போது ஒவ்வொரு துகளின் மேலும் கொழுப்பு பூசிக்கொள்வதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே வேகும். மாவை வறுப்பதில் பாதிப் பயன் இதுதான்.

ஸ்டாக்கை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கைபொறுக்கும் சூடு போதும். தீயைக் குறைத்துவிட்டு, முதலில் அரை கப் மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். மாவு திடீரென்று இறுகி, பிசைந்த உருளைக்கிழங்குபோல உருண்டு நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் கெட்டுவிட்டது என்று பயந்து மொத்த ஸ்டாக்கையும் ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள். கட்டி தட்டுவதும் அதனால்தான். உருண்டையாக நிற்பது சரியான நிலை. அதை வழவழப்பாகும்வரை அடித்துவிட்டு அடுத்த அரை கப் ஊற்றுங்கள்.

மூன்று, நான்கு தடவை இப்படிச் செய்ததும் இட்டலி மாவுப் பதத்துக்கு இளகிவிடும். அதற்குப் பிறகு மிச்ச ஸ்டாக்கை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்கலாம், பயமில்லை. பாத்திரத்தின் அடியும் சுவரும் சேரும் மூலையை விஸ்க் தொடாது. அங்கே ஒளிந்திருக்கும் மாவை மரக்கரண்டியால் வழித்துவிடுங்கள்.

ஊற்றி முடித்ததும் ‘தண்ணியாக இருக்கிறதே’ என்று தோன்றும். தீர்ப்பு சொல்ல இது நேரமில்லை. கோதுமை மாவு முழுதாகக் கெட்டிப்படக் கிட்டத்தட்டக் கொதிநிலைச் சூடு வேண்டும். கொதி வந்தபின் தீயைக் குறைத்து, அவ்வப்போது கிளறி 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். இரண்டு நிமிடத்திலேயே கெட்டிப்பட்டாலும் எடுத்துவிடாதீர்கள். நாக்கில் மாவு படிவது போன்ற உணர்வு போக அந்த நேரம் தேவை.

ஆறவைத்து, மேற்பரப்பைத் தொட்டபடி பட்டர் பேப்பரை ஒட்டி மூடுங்கள். ஆடை படியாது. ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் களிபோல வெட்டி எடுக்கும் பதத்தில் இருக்கும். சூடேறினால் இளகிவிடும்.

6. ரோஸ்ட் வேகும்போது தட்டின் மேல் ஒரு கண்

கிரேவியின் சுவை வான்கோழிக்கு அடியில் இருக்கும் தட்டில் சேருகிறது, அங்கேயே கருகவும் செய்கிறது. ரோஸ்ட் இரண்டரை, மூன்று மணி நேரம் வேகும். முதல் ஒரு மணி நேரத்தில் வடிகிற கொஞ்சச் சாறு, காய்ந்த பெரிய தட்டில் பரவி, கடைசிக்குள் தார்போல ஆகிவிடும்.

வான்கோழியைக் கம்பி மேல் வைத்து, அடியில் தடிமனாக வெட்டிய வெங்காயம், கேரட்டைப் பரப்பி, ஒன்றரை கப் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, அடி காய்ந்திருந்தால் அரை கப் ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் ஓவன் முழுக்க ஆவியாகித் தோல் மொறுமொறுப்பாகாது. அடி நனைந்திருக்கும் அளவே போதும். தட்டின் அளவும் முக்கியம். பறவையைவிட மிகப் பெரிய தட்டில் சாறு மெல்லியதாகப் பரவிச் சீக்கிரம் காயும்.

7. சாறு வேறு, கொழுப்பு வேறு, அடி வேறு

வான்கோழியின் மிகத் தடித்த பகுதி 74 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்து, சற்றுச் சாய்த்து, வயிற்றுக்குள் தேங்கிய சாறைத் தட்டில் வடியவிடுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. அரை கப் நல்ல சாறு பலகையில் ஓடி வீணாகிறது. உள்ளே ஸ்டஃபிங் அடைத்திருந்தால் சாய்க்க வேண்டாம். பறவையை 30 முதல் 40 நிமிடம் ஓய்வெடுக்க விடுங்கள். அந்த நேரம்தான் நம் கையில் இருப்பது. முதல் நாள் கிரேவியை இப்போதே சிறு தீயில் ஏற்றிவிடுங்கள்.

தட்டில் உள்ள திரவம் முழுவதையும் கண்ணாடி ஜக்கில் வடிகட்டி ஊற்றி, 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த மஞ்சள் கொழுப்பு, கீழே கலங்கலான பழுப்புச் சாறு என்று கோடு கிழித்ததுபோலப் பிரியும். கொழுப்பைக் குழிக்கரண்டியால் மேலோட்டமாக மொண்டு எடுங்கள். அடியில் மூக்கு வைத்த ஜக் இருந்தால் வேலை இன்னும் சுலபம், சாறு முதலில் வந்துவிடும், கொழுப்பு தங்கிவிடும். அவசரம் என்றால் ஜக்கை ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைக்கலாம், ஆனால் சாதாரணக் கண்ணாடி என்றால் உடையும், ஸ்டீல் பாத்திரத்தில் வையுங்கள்.

இந்தக் கொழுப்பு கிரேவிக்கு இனித் தேவையில்லை. வாசனையாக இருக்கிறதே என்று நாலு கரண்டி சேர்த்தால், அதைப் பிடித்து வைக்க மாவு இல்லாமல் மேலே எண்ணெயாக மிதக்கும்.

இனி தட்டின் அடி. பழுப்பாக ஒட்டியிருப்பதுதான் முழு ரோஸ்ட்டின் சாரம். தட்டை அடுப்பில் மிதமான தீயில் வைத்து, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் 2, 3 நிமிடம் சுரண்டுங்கள். வெள்ளை ஒயின் விரும்புபவர்கள் அரை கப் ஒயினை முதலில் ஊற்றி, பாதியாகச் சுண்டிய பின் தண்ணீர் சேர்க்கலாம். சுண்டாத ஒயின் கிரேவியில் பச்சையாக நெடியடிக்கும்.

கண்ணாடித் தட்டையும் பீங்கானையும் அடுப்புத் தீயில் வைக்கவே கூடாது. வெடித்துச் சிதறும். அவற்றில் கொதிநீரை ஊற்றி, தட்டு சூடாக இருக்கும்போதே சுரண்டினால் போதும். அலுமினிய ஃபாயில் தட்டு என்றால் அழுத்திச் சுரண்டினால் கிழியும், அதிலும் இதே வழிதான்.

சுரண்டியதைக் கிரேவியில் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். பழுப்புக்கும் கருப்புக்கும் கண்ணில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான், நாக்குக்கு உடனே தெரியும். கசந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். ஜக்கில் உள்ள சாறையும் ருசி பாருங்கள், அது நன்றாக இருந்தால் அதுவே போதும்.

8. சேர்ப்பதும் உப்புப் பார்ப்பதும்

கிரேவி கொதிக்க ஆரம்பித்ததும் சாறையும் சுரண்டியதையும் ஒரே ஜக்கில் கலந்து, கால் கப் கால் கப்பாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ருசி பாருங்கள். ஏன் இந்தச் சிக்கனம் என்றால், வான்கோழியை உப்புநீரில் ஊறப்போட்டிருந்தாலோ, கடையில் வாங்கும்போதே உப்புக் கரைசல் ஏற்றியிருந்தாலோ, அதன் வடிசாறு வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கும். மொத்தமாக ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அப்படிப்பட்ட பறவைக்கு அரை கப்போடு நிறுத்தி, மிச்சக் குறையை எடுத்து வைத்த ஸ்டாக்கால் நிரப்புங்கள்.

உப்பு வெளியில் மட்டும் தேய்த்த வான்கோழி என்றால் 250 மில்லியும் தாராளமாகச் சேரும். பிறகு அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாக உப்புச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கொதித்தபின் பாருங்கள். கிரேவியை மட்டும் கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்ப்பது சரியான சோதனை ஆகாது. நெஞ்சுக்கறியில் ஒரு துண்டு கிள்ளி, அதில் தொட்டுத் தின்று பாருங்கள். தனியாகக் குடிக்க ஒரு துளி தூக்கலாகத் தெரியும் உப்பு, கறியோடு சேரும்போது சரியாக இருக்கும்.

உப்பு சரியாக இருந்தும் ஏதோ குறைவதுபோல இருந்தால் 1 டீஸ்பூன் சோயா சாஸ் விடுங்கள். நிறமும் கூடும், சுவையும் அடர்த்தியாகும். சோயா என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் மேல் மந்தமாக இருந்தால் தேவை உப்பில்லை, புளிப்பு. அரை டீஸ்பூன் வினிகர் விட்டால் கொழுப்பின் கனம் உடனே விலகும். ஒயின் சேர்த்தவர்களுக்கு இது தேவைப்படாது. மிளகுத்தூள் அரை டீஸ்பூன் போதும். தைமோ சேஜோ ஒரு குச்சி போட்டு 10 நிமிடத்தில் எடுத்துவிடலாம். ரோஸ்மேரி மட்டும் கவனம், கொஞ்சம் கூடினாலும் வேறு எதுவும் தெரியாது.

பதம் பார்ப்பது இப்படி: கரண்டியை முக்கி எடுத்து, பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், ஆனால் ஓரத்திலிருந்து கிரேவி மெல்ல வழிய வேண்டும். மேசைக்குப் போய் ஆறியதும் இன்னும் கெட்டிப்படும் என்பதால், அடுப்பில் இருக்கும்போது நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள்.

9. வடிகட்டிச் சூடாக வைப்பது

நைஸ் வடிகட்டியில் வடித்து, அடுப்பை அணைத்தபின் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெயைப் போட்டுக் கலக்கினால் பளபளப்பு வரும். கழுத்துக்கறியைப் பொடியாக நறுக்கிப் போட விரும்பினால் வடிகட்டிய பிறகு போடுங்கள்.

பரிமாற நேரம் இருந்தால் பாத்திரத்திலேயே விட்டுவைக்காதீர்கள், அடி பிடிக்கும், மேலே ஆடை கட்டும். ஃபிளாஸ்க்கைக் கொதிநீரால் அலசிவிட்டு அதில் ஊற்றி மூடினால் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை. பரிமாறும் ஜக்கையும் வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் ஓரம் உடனே உறையும்.

10. கெட்டுப்போனால் சரிசெய்வது

கட்டி தட்டியிருந்தால் முதலில் வடிகட்டுங்கள். நிறையக் கட்டி என்றால் மிக்ஸி. ஜாரில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள், மூடியை இறுக்காமல் துணியால் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். சூடான திரவத்தின் ஆவி மூடியைத் தூக்கி எறியும். கட்டியோடு மாவு வெளியேறியிருப்பதால் வடிகட்டிய பிறகு இளகலாம், அதற்கு அடுத்த வழி.

தண்ணீராக இருந்தால் உலர்ந்த மாவைத் தூவாதீர்கள். இளகிய வெண்ணெயும் மைதாவும் ஒரே எடையில் எடுத்துப் பிசைந்து, கடலையளவு உருண்டையாகக் கொதிக்கும் கிரேவியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். ஒரு லிட்டருக்கு 15 கிராம் மாவு, 15 கிராம் வெண்ணெயில் ஆரம்பிக்கலாம். மாவு வாடை போக மேலும் 5 நிமிடம் கொதிக்க வேண்டும்.

உப்புக் கரித்தால் உருளைக்கிழங்கு போடும் கதையெல்லாம் நேர விரயம். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து இழுக்காது, உப்பு கலந்த திரவத்தைத்தான் கொஞ்சம் குடிக்கும். வழி ஒன்றுதான்: உப்பில்லாத ஸ்டாக் ஊற்றி, இளகியதைத் திரும்பக் கெட்டியாக்குவது.

மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் கரண்டியால் மொண்டு எடுத்துவிட்டு, இரண்டு கரண்டி சூடான ஸ்டாக் விட்டு வேகமாக அடியுங்கள், சேர்ந்துகொள்ளும். கெட்டியானால் சூடான ஸ்டாக். தண்ணீர் விட்டால் சுவையும் நீர்த்துப்போகும். காந்தல் வாடைக்கு மட்டும் மருந்து கிடையாது.

11. மைதா வேண்டாம் என்பவர்களுக்கு

கார்ன்ஃப்ளார் மைதாவைப் போல இரு மடங்கு கெட்டியாக்கும். ஆகவே பாதி அளவு போதும். ஒரு பங்கு மாவை இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஸ்டாக்கில் ஊற்றிக் கிளறி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். நீண்ட நேரம் கொதித்தால் திரும்ப இளகும். கரைத்து வைத்தது நொடியில் அடியில் படியும், ஊற்றுவதற்கு முன் மறுபடி கலக்குங்கள். பார்வைக்குக் கண்ணாடிபோலப் பளபளக்கும், வறுத்த மாவின் வாசனை இருக்காது. உறையவைத்து உருக்கினால் நீர் பிரிந்துவிடும் என்பதால் இதை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

12. மிஞ்சியதை வைப்பது

மேசையில் 2 மணி நேரத்துக்குமேல் விடாமல், அகலமான ஆழமில்லாத பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். 3, 4 நாள் தாங்கும். மைதா போட்ட கிரேவி ஃப்ரீசரில் 2, 3 மாதம் நன்றாக இருக்கும். பெட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும்போது கிரேவி விரியும்.

திரும்பச் சூடாக்கும்போது சிறு தீயில் இரண்டு கரண்டி ஸ்டாக்கோடு ஏற்றி, விஸ்க்கால் உடைத்துக் கலக்கி, ஒரு முழுக் கொதி வரவிடுங்கள். உருகும்போது பால் திரிந்ததுபோலத் தோன்றினாலும் கொட்டிவிட வேண்டாம், கொதி வந்து அடித்ததும் பழையபடி வழவழப்பாகிவிடும்.